ஃப்ரீசெல்: "இனி ஜெயிக்க முடியாது" என்று சொல்ல ஏன் இவ்வளவு கஷ்டம்?

தனியாக உட்கார்ந்து ஆடுகிற கம்ப்யூட்டர் சீட்டாட்டங்களில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வது என்று யார் கேட்டாலும் நான் ஃப்ரீசெல் என்றுதான் சொல்வேன். அதிலும் பழைய விண்டோஸ் ஃப்ரீசெல், இல்லையென்றால் அதன் விதிகளையும் ஆட்ட எண்களையும் அப்படியே எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட ஏதாவது ஒரு செயலி. படங்கள் அழகாக இருக்கின்றனவா, ஜெயித்தால் வாணவேடிக்கை காட்டுகிறதா என்பதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமில்லை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: ஆடிக்கொண்டிருக்கும்போது நான் ஏற்கெனவே தோற்றுவிட்டேனா என்பதை இந்த மென்பொருளால் சொல்ல முடியுமா, சொன்னால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? சாதாரணமான கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் கணினி அறிவியலில் இன்னும் விடை கிடைக்காத மிகப் பெரிய கேள்வியில் போய் முட்டுகிற கேள்வி இது. சீட்டாட்டச் செயலிகளை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 52 சீட்டும் எட்டு அடுக்குகளில் முகம் தெரியும்படி போடப்படும். எதுவும் மறைவு கிடையாது. இடது மேல் மூலையில் நான்கு காலி அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். வலது மேல் மூலையில் நான்கு வீடுகள், ஏஸில் தொடங்கி ராஜா வரை ஒவ்வொரு இனத்தையும் வரிசையாக ஏற்ற வேண்டும். அடுக்குகளில் சிவப்புமேல் கறுப்பு, கறுப்புமேல் சிவப்பு என்று இறங்குவரிசையில்தான் வைக்க முடியும். அவ்வளவுதான் விதி. இதற்கு முன்னோடியாக இருந்த பேக்கர்ஸ் கேம் என்ற ஆட்டத்தில் ஒரே இனத்தின்மேல்தான் அடுக்க முடியும். அதை நிறம் மாற்றி அடுக்கலாம் என்று தளர்த்தி, 1978-ல் பிளேட்டோ என்ற பழைய கணினி அமைப்பில் பால் ஆல்ஃபில் எழுதியதுதான் ஃப்ரீசெல். விண்டோஸுக்கு அதைக் கொண்டுவந்தவர் ஜிம் ஹார்ன். விண்டோஸ் 95-ல் கூடவே வந்ததால் உலகம் முழுக்கப் பரவியது.

நிறம் மாற்றி அடுக்கலாம் என்ற அந்த ஒரு தளர்வுதான் ஆட்டத்தின் உயிர். அதனால்தான் ஏறக்குறைய எந்தக் கலைப்பையும், அதாவது சீட்டுகள் எப்படிக் கலைந்து விழுந்தாலும் அந்த ஆட்டத்தை, ஜெயிக்க முடிகிறது. தோற்றால் அதிர்ஷ்டத்தின்மேல் பழி போட வழியே இல்லை, எல்லாச் சீட்டும் முதல் நொடியிலிருந்தே கண்முன் இருக்கின்றன. சீட்டாட்டம் என்றாலே கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால்தான் சுவை என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கலைத்துப் போட்ட பிறகு ஒரு துளி அதிர்ஷ்டம்கூட மிச்சமில்லாத ஆட்டம் இது என்பதுதான் எனக்குப் பிடித்த முதல் காரணம்.

சரி, மென்பொருளுக்கு வருவோம். பழைய விண்டோஸ் ஃப்ரீசெல்லின் திரையில் காலி அறைகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஒரு ராஜாவின் முகம் இருக்கும், சீட்டு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும். அடுக்கில் பாதி மறைந்திருக்கும் ஒரு சீட்டின்மேல் வலது பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது முழுசாகத் தெரியும். இதெல்லாம் சின்னச் சின்ன வசதிகள். நான் ரசிப்பது வேறு ஒன்றை: தேவையில்லாமல் போன சீட்டுகளை அது தானாகவே வீட்டுக்கு ஏற்றிவிடும். ஆனால் எல்லாவற்றையும் ஏற்றிவிடாது. சிவப்பு 5 வீட்டுக்குப் போகத் தயாராக இருக்கிறது என்று வையுங்கள். அது அடுக்கிலேயே இருந்தால் யாருக்குப் பயன்? கறுப்பு 4 ஒன்றை அதன்மேல் வைக்கலாம், அவ்வளவுதான். இரண்டு கறுப்பு 4-களும் ஏற்கெனவே வீடு போய்ச் சேர்ந்துவிட்டால் அந்த 5-ஐ அடுக்கில் வைத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை. ஏற்றிவிடலாம், ஒருபோதும் அது தப்பாகாது. ஒரு கறுப்பு 4 இன்னும் கீழே கிடந்தால் நிறுத்திவைக்க வேண்டும், ஆட்டக்காரருக்கு அது தேவைப்படலாம். இந்த நுட்பம் தெரியாமல், ஏற்ற முடிந்ததையெல்லாம் தூக்கி மேலே போட்டுவிடுகிற செயலிகள் இன்று எத்தனையோ. அவை ஜெயிக்கக்கூடிய ஆட்டத்தை ஆட்டக்காரரின் கையிலிருந்து பிடுங்கித் தோற்கடித்துவிடும். புதிதாக எதையாவது நிறுவினால் இதை முதலில் பாருங்கள், அமைப்புகளில் இதை நிறுத்த வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்ததாக, தோல்வியை அது எப்படிச் சொல்கிறது. பழைய ஃப்ரீசெல்லில் விதிப்படி ஒரே ஒரு நகர்வு மட்டும் மிச்சமிருந்தால் ஜன்னலின் தலைப்புப் பட்டை மினுக்கி எச்சரிக்கும். நகர்வே இல்லையென்றால் தோற்றுவிட்டதாக ஒரு பெட்டி வரும். நகர்த்த ஏதாவது இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. இதைக் கண்டுபிடிக்க எட்டு அடுக்கின் கடைசிச் சீட்டுகளையும் நான்கு அறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது.

ஆனால் நகர்வு இருப்பதும் வழி இருப்பதும் ஒன்றில்லையே. ஒரு நிலையை மனசில் கொண்டுவாருங்கள்: நான்கு அறையும் நிரம்பிவிட்டது. ஓர் அடுக்கின் நுனியில் ஸ்பேட் 8, அதன்மேல் டைமண்ட் 7. இன்னோர் அடுக்கின் நுனியில் கிளாவர் 8 தனியாக. மற்ற அடுக்குகளின் நுனியிலும் அறைகளிலும் இருக்கிற எதுவும் எதன்மேலும் பொருந்தவில்லை, எந்த எட்டையும் வைக்கச் சிவப்பு 9 எதுவும் வெளியே இல்லை, வீட்டுக்கு ஏற்றவும் ஒன்றுமில்லை. டைமண்ட் 7-ஐ ஸ்பேட் 8-லிருந்து எடுத்துக் கிளாவர் 8-ன்மேல் வைக்கலாம். பிறகு திரும்ப எடுத்துப் பழைய இடத்திலேயே வைக்கலாம். தலைப்புப் பட்டை மினுக்கிக்கொண்டே இருக்கும், தோல்விப் பெட்டி வரவே வராது. ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் மென்பொருளுக்குத் தெரியவில்லை.

இந்த உதாரணம் எளிது, இரண்டே நிலைகள், யார் பார்த்தாலும் தெரிந்துவிடும். நிஜத்தில் மாட்டிக்கொள்வது இப்படி இருக்காது. ஆறேழு நகர்வுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் இன்னும் சில, அதற்குப் பின்னால் இன்னும் சில, ஆயிரக்கணக்கில் கிளை பிரிந்துகொண்டே போய் அத்தனையும் ஏதாவது ஒரு முட்டுச்சந்தில் நிற்கும். பல நேரம் ஆட்டத்தின் பத்தாவது நகர்விலேயே கதை முடிந்திருக்கும், நாம் அறுபதாவது நகர்வு வரை நம்பிக்கையோடு ஆடிக்கொண்டிருப்போம். அந்தப் பத்தாவது நகர்வில் "இனி வழியில்லை" என்று சொல்ல ஒரு மென்பொருளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

இங்கேதான் கணக்கீட்டுச் சிக்கல்தன்மை என்கிற துறை உள்ளே வருகிறது. 52 சீட்டு என்பதை விட்டுவிட்டு, ஒவ்வோர் இனத்திலும் 13-க்குப் பதிலாக எத்தனை சீட்டு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஃப்ரீசெல்லை விரித்துப் பாருங்கள். சீட்டு கூடக் கூட, ஜெயிக்க வழி உண்டா என்று கண்டுபிடிக்கும் நேரம் எப்படிக் கூடுகிறது என்பதுதான் கேள்வி. 2003-ல் மால்ட்டே ஹெல்மெர்ட் இதற்கு விடை கொடுத்தார்: இது என்பி-முழுமை வகையைச் சேர்ந்த சிக்கல். தானியங்கித் திட்டமிடல் ஆய்வாளர்கள், அதாவது ஓர் இலக்கை அடையும் படிகளைக் கணினியே வகுக்கும்படி செய்ய முயல்கிறவர்கள், தங்கள் நிரல்களைச் சோதிக்க 2000-ல் நடத்திய போட்டியிலேயே ஃப்ரீசெல்லை ஒரு பரீட்சையாக வைத்திருந்தார்கள். அந்தப் பரீட்சைகள் ஒவ்வொன்றும் உண்மையில் எவ்வளவு கடினம் என்று அளந்தபோது கிடைத்த விடைகளில் ஒன்று இது.

என்பி-முழுமை என்றால் நடைமுறையில் இதுதான் அர்த்தம். யாராவது ஒருவர் ஜெயிக்கும் வழியை எழுதிக் கொடுத்தால் சரிபார்ப்பது சுலபம், சொன்ன வரிசையில் சீட்டை நகர்த்திப் பார்த்தால் முடிந்தது. விடையைக் கொடுத்தால் இப்படிச் சுலபமாகச் சரிபார்க்க முடிகிற சிக்கல்களின் வகைக்குத்தான் என்பி என்று பெயர், அதிலேயே மிகக் கடினமானவை என்பி-முழுமை. ஆனால் அந்த வழியைக் கண்டுபிடிக்க எல்லாக் கலைப்புக்கும் பொருந்துகிற விரைவான முறை எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. அப்படி ஒன்று கிடைத்தால் நேர அட்டவணை போடுவது, பல ஊர்களைச் சுற்றிவரக் குறைந்த தூர வழி உண்டா என்று பார்ப்பது, சர்க்யூட்டுகளைச் சரிபார்ப்பது என்று ஆயிரக்கணக்கான சிக்கல்களுக்கும் சேர்த்து விடை கிடைத்துவிடும். அத்தனையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. ஒரு தர்க்கப் புதிரையே சீட்டுகளாக அடுக்கி, அந்த ஆட்டத்தை ஜெயித்தால் புதிர் விடுபட்டது என்ற மாதிரி ஃப்ரீசெல் கலைப்பு ஒன்றைக் கட்ட முடியும் என்பதுதான் இதன் பொருள். பெரும்பாலான ஆய்வாளர்கள் அப்படியொரு விரைவான முறை இல்லவே இல்லை என்றுதான் நம்புகிறார்கள். நிரூபித்தவர் இன்னும் யாருமில்லை.

இதில் எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. "ஃப்ரீசெல் என்பி-முழுமை, அதனால்தான் எனக்கு வரவில்லை" என்று பலர் சொல்வதைப் பார்க்கிறேன். அப்படிச் சொல்ல முடியாது. நிரூபணம் சீட்டின் எண்ணிக்கை வரம்பில்லாமல் வளரும் ஆட்டத்தைப் பற்றியது. நம் கையில் இருப்பது வெறும் 52 சீட்டு, அது மாறாத ஓர் அளவு. அந்த அளவில் கம்ப்யூட்டர்கள் ஃப்ரீசெல்லை நன்றாகவே விடுவிக்கின்றன, பெரும்பாலான கலைப்புகளுக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. அப்படியென்றால் அந்த நிரூபணத்தால் நமக்கு என்ன பயன்? ஒரு சூத்திரத்தைப் போட்டு விடையை எடுத்துவிடலாம் என்று காத்திருக்க வேண்டாம், தேடித்தான் ஆக வேண்டும் என்று அது சொல்கிறது. கெட்டிக்காரத்தனம் முழுக்கத் தேடலை எப்படிச் சுருக்குவது என்பதில்தான் இருக்கிறது.

அந்தச் சுருக்கும் வேலை அழகானது. எட்டு அடுக்குகளும் திரையில் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதால் ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. முதல் அடுக்கையும் ஐந்தாவது அடுக்கையும் இடம் மாற்றி வைத்தாலும் அது அதே நிலைதான். எட்டு அடுக்கை 40,320 விதமாக வரிசை மாற்றலாம், நிரம்பிய நான்கு அறைகளை 24 விதமாக. பெருக்கினால் 9,67,680. அதாவது அந்த நிலையில் திரையில் வேறு வேறாகத் தெரிகிற ஒன்பதரை லட்சத்துக்கு மேற்பட்ட காட்சிகளை நிரல் ஒரே நிலையாக எண்ணிக்கொள்ளலாம். அப்புறம், ஒருமுறை பார்த்துவிட்ட நிலையை நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி வந்தால் ஒதுக்கிவிட வேண்டும். மேலே சொன்ன டைமண்ட் 7 ஊஞ்சலாட்டம் அங்கேயே அடிபட்டுப் போகும். கூடவே அந்த ஆபத்தில்லாத தானியங்கி ஏற்றம். இவை மூன்றையும் சேர்த்துவிட்டாலே ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர் போதும். ஷ்லோமி ஃபிஷ் எழுதிய ஃப்ரீசெல் சால்வர் என்ற திறந்த மூல நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் அதன் மூலத்தைத் திறந்து படித்துப் பார்க்கலாம், தேடல் என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது 11982 என்ற ஆட்டத்துக்கு வருவோம். விண்டோஸ் ஃப்ரீசெல்லின் பெரிய சிறப்பு, ஆட்டங்களுக்கு எண் உண்டு என்பது. ஆரம்பத்தில் 1 முதல் 32,000 வரை. பின்னால் வந்த பதிப்புகளில் 10 லட்சம் வரை. 617 என்று அடித்தால் உலகில் எங்கே ஆடினாலும் அதே கலைப்புதான் வரும். இதனால் ஓர் அபூர்வமான காரியம் நடந்தது. 1994-ல் டேவ் ரிங் என்பவர் இணையத்தில் ஆட்களைத் திரட்டி 32,000 ஆட்டங்களையும் பங்கு பிரித்துக் கொடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆடித் தீர்த்தார்கள், 1995-ல் முடித்தார்கள். ஒருவரால் முடியாததை இன்னொருவருக்குக் கொடுத்து, அவராலும் முடியாததை வேறொருவருக்குக் கொடுத்து, கடைசியில் மிஞ்சியது ஒரே ஓர் ஆட்டம்: 11982. யாராலும் முடியவில்லை. பிற்பாடு நிரல்கள் எல்லாக் கிளைகளையும் தேடிப் பார்த்து அதற்கு வழியே கிடையாது என்று உறுதிசெய்தன. 10 லட்சம் ஆட்டங்களில் இப்படி ஜெயிக்கவே முடியாதவை மொத்தம் எட்டுதான். 11982-க்கு அடுத்தது 146692.

இந்த 11982-ஐப் பற்றி யோசிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிலிர்ப்பாக இருக்கிறது. ஓர் ஆட்டம் ஜெயிக்கக்கூடியது என்று உங்களை நம்பவைக்க ஒரு பக்கம் போதும், நகர்வுகளை வரிசையாக எழுதித் தந்துவிடலாம், ஒரு குழந்தைகூட ஆடிச் சரிபார்க்கும். ஆனால் 11982 ஜெயிக்க முடியாதது என்று நம்பவைக்க என்ன தருவது? தருவதற்குச் சின்னதாக எதுவும் இல்லை. எல்லா வழியையும் தேடி முடித்தோம், ஒன்றும் தேறவில்லை என்று சொல்லலாம்; நம்பாதவர்கள் தாங்களும் முழுசாகத் தேடித்தான் ஆக வேண்டும். "உண்டு" என்பதற்குச் சின்னச் சாட்சி இருக்கிறது, "இல்லை" என்பதற்கு இல்லை. இந்தச் சமச்சீரின்மை ஃப்ரீசெல்லின் குறைபாடல்ல, என்பி என்ற வகையின் இயல்பே அதுதான். "இல்லை" என்பதற்கும் எப்போதும் சுருக்கமான சாட்சி கொடுக்க முடியுமா என்பதும் இன்னும் தீராத கேள்விதான். பழைய ஃப்ரீசெல் தோல்வியைச் சொல்லத் திணறியது நிரல் எழுதியவரின் சோம்பலால் அல்ல என்று இப்போது புரிந்திருக்கும். அந்தக் காலத்துக் கணினியில் ஒவ்வொரு நகர்வுக்கும் முழுத் தேடல் நடத்துவது நடக்கிற காரியமே இல்லை.

க்ளோண்டைக் ஆடுபவர்கள், அதாவது பொதுவாக சாலிட்டேர் என்று எல்லோரும் சொல்கிற அந்த ஆட்டத்தை ஆடுபவர்கள், இந்த இடத்தில் கோபித்துக்கொள்ளக் கூடாது. 1990-ல் விண்டோஸ் 3.0-வோடு வந்தபோதிருந்து அதற்கு இருக்கிற ரசிகர் கூட்டம் ஃப்ரீசெல்லுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் ஆட்டக்காரரிடம் நேர்மையாக இருக்கிறதா என்று பார்த்தால் க்ளோண்டைக் நிறைய இடங்களில் தவறுகிறது, காரணம் கவிழ்த்து வைத்த சீட்டுகள். எல்லாச் சீட்டும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தாலே, சீட்டு எண்ணிக்கையை விரித்துப் பார்க்கும்போது, அதுவும் என்பி-முழுமைதான். லாங்ப்ரே, மெக்கென்ஸி இருவரும் 2009-ல் நிரூபித்தார்கள். 52 சீட்டு ஆட்டத்தில், மறைவெல்லாம் தெரிந்த நிலையில், எத்தனை சதவீதக் கலைப்புகள் ஜெயிக்கக்கூடியவை? செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பிளேக், ஜென்ட் இருவரும் பெரிய அளவில் தேடல் நடத்திக் கண்ட விடை, சுமார் 82 சதவீதம். அப்படியென்றால் எல்லாச் சீட்டையும் பார்த்துக்கொண்டே ஆடுகிற நல்ல ஆட்டக்காரர் எவ்வளவு ஜெயிப்பார்? 2004-ல் வந்த ஓர் ஆய்வில் கைதேர்ந்த ஒருவர் அப்படி ஆடி ஜெயித்தது சுமார் 37 சதவீதம். வழி இருந்தும் கண்ணுக்குப் படாமல் போனவைதான் நடுவில் இருக்கிற அந்தப் பெரிய இடைவெளி. இத்தனைக்கும் அவருக்கு மறைவே கிடையாது!

இதனால்தான் "ஜெயிக்கக்கூடிய ஆட்டங்கள் மட்டும்" என்று ஒரு பொத்தானை வைத்திருக்கும் க்ளோண்டைக் செயலிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். அந்த வாக்குறுதி பொய்யில்லை. யாரோ எங்கேயோ அந்தக் கலைப்புக்கு ஒரு வழியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அது மறைந்த சீட்டெல்லாம் தெரிந்தவருக்கான வழி. சிவப்பு 9 இரண்டும் வெளியே இருந்து, ஒரு கறுப்பு 10 மட்டும் காத்திருக்கிறது என்றால் எந்த 9-ஐ எடுப்பது? ஒன்றுக்குக் கீழே நமக்கு வேண்டிய ஏஸ் இருக்கும், மற்றொன்றுக்குக் கீழே வேண்டாத ராஜா இருக்கும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், நியாயமாக யோசித்து ஒன்றை எடுத்தோம், போய்விட்டது. ஜெயிக்கக்கூடிய ஆட்டத்தைச் சரியாக ஆடியும் தோற்றோம். ஃப்ரீசெல்லில் "ஜெயிக்கக்கூடியது" என்றால் நமக்கும் ஜெயிக்கக்கூடியது. அந்தச் சொல்லுக்கு இரண்டாவது அர்த்தம் கிடையாது. ஸ்பைடர் என்ற இன்னொரு தனியாள் சீட்டாட்டமும் 2011-லேயே என்பி-முழுமை என்று நிரூபிக்கப்பட்டுவிட்டது, அதிலும் மறைவுச் சீட்டு உண்டு, க்ளோண்டைக்குக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

இரண்டு பேர், நான்கு பேர் ஆடுகிற ஆட்டங்கள் வேறு உலகம், அவற்றை இந்த மதிப்புரையில் முழுசாக அடக்க முடியாது. ஆனாலும் சிலவற்றைச் சொல்லாமல் விட மனசில்லை. ஊனோவில் எதிராளியே இல்லாமல், கையில் இருக்கிற சீட்டையெல்லாம் நிறமோ எண்ணோ பொருந்தும்படி ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு முடிக்க முடியுமா என்பதே என்பி-முழுமை என்று 2010-ல் ஓர் ஆய்வு காட்டியது. எழுதியவர்களில் இரண்டு பேருடைய குடும்பப் பெயரே ஊனோ. நிறங்களின் எண்ணிக்கையைக் கடையில் விற்கிற கட்டில் உள்ள மாதிரி மாறாமல் வைத்துவிட்டால் சிக்கல் சுலபமாகிவிடும் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. எதைப் பெரிதாக்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கடினம் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஹனாபி என்ற ஆட்டத்தில் மற்றவர்கள் கையைப் பார்க்கலாம், தன் கையைப் பார்க்கக் கூடாது; எல்லோரும் தங்கள் சீட்டைப் பார்த்துக்கொண்டு ஏமாற்றி ஆடினாலும் அது என்பி-கடினம், அதாவது என்பி-முழுமைச் சிக்கல்களைவிடச் சுலபமில்லை. பிரிட்ஜில் நான்கு கையும் திறந்து கிடந்தாலும், பொதுவான அளவில் யார் எத்தனை பிடி எடுப்பார்கள் என்பது பிஸ்பேஸ்-முழுமை என்று 2013-ல் காட்டினார்கள். நான் நகர்த்த நீ மறுக்க என்று மாறி மாறிப் போகிற ஆட்டங்கள் இந்த வகைக்கு ஏறிவிடுவது வழக்கம், என்பியைவிடவும் கடினம் என்று கருதப்படுகிற வகை இது. எல்லாவற்றுக்கும் உச்சியில் மேஜிக்: தி கேதரிங். 2019-ல் சர்ச்சில், பிடர்மன், ஹெரிக் மூவரும் அந்த ஆட்டத்தின் சீட்டுகளை வைத்தே ஒரு டூரிங் இயந்திரத்தை, அதாவது எந்தக் கணினி செய்கிற கணக்கையும் செய்யக்கூடிய கோட்பாட்டு இயந்திரத்தை, கட்டிக் காட்டினார்கள். இருவருமே இனி எதையும் தேர்வு செய்ய முடியாது, ஆட்டம் தானாகவே ஓடுகிறது. அப்படிப்பட்ட நிலையிலும் கடைசியில் யார் ஜெயிப்பார் என்று எப்போதும் சரியாகச் சொல்கிற நிரலை யாராலும் எழுத முடியாது. அது மெதுவாக ஓடும் என்பதல்ல விஷயம், அப்படியொரு நிரல் இருக்கவே முடியாது.

மறுபடி ஃப்ரீசெல். இன்றைய போன்களில் ஏராளமான ஃப்ரீசெல் செயலிகள் கிடைக்கின்றன, விளம்பரத் தொல்லை பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் போனில் முன்பு இருந்த ஒன்றில் குறிப்புப் பொத்தானை அழுத்தினால் விதிப்படி செல்லுபடியாகிற ஏதாவது ஒரு நகர்வைக் காட்டும், அதை நகர்த்திவிட்டு மறுபடி அழுத்தினால் அதையே திருப்பி நகர்த்தச் சொல்லும். மேலே சொன்ன ஊஞ்சலாட்டத்துக்கு அது உதவிக்கு ஆள் வைத்துக் கொடுத்த மாதிரி. குறிப்பு என்ற பெயரில் அப்படிப்பட்டதை வைப்பதைவிட வைக்காமலே விடலாம், ஏனென்றால் குறிப்பு கேட்கிறவர் வழி கேட்கிறார், விதி கேட்கவில்லை. நல்ல செயலிகள் பின்னணியில் ஒரு தேடல் நிரலை ஓட்டி, வெற்றிக்குப் போகிற வழியில் இருக்கிற நகர்வைத்தான் காட்டுகின்றன. வழி இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுகின்றன. எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு: பழைய விண்டோஸ் எண்களையே பின்பற்றுகிற செயலி என்றால் 11982 என்று அடித்துத் திறந்து, ஒரு சீட்டையும் தொடாமல் குறிப்புப் பொத்தானை அழுத்துங்கள். தயங்காமல் ஏதாவது ஒரு சீட்டைக் காட்டினால் உள்ளே தேடல் எதுவும் இல்லை.

நான் இன்னும் எந்த ஃப்ரீசெல் செயலியிலும் பார்க்காத, ஆனால் மனசார விரும்புகிற வசதி ஒன்று உண்டு. பிரிட்ஜ் மென்பொருள்களில் ஆட்டம் முடிந்ததும் நான்கு கையையும் திறந்து, எந்தச் சீட்டைப் போட்டபோது ஒரு பிடி கைநழுவியது என்று காட்டும் வசதி இருக்கிறது. எழுத்தளவில் பிஸ்பேஸ் என்றாலும் 52 சீட்டு அளவில் அது சட்டென்று நடந்துவிடுகிறது. ஃப்ரீசெல்லில் தோற்ற பிறகு, "நீங்கள் 23-வது நகர்வு வரை ஜெயிக்கும் நிலையில்தான் இருந்தீர்கள்" என்று ஒரு வரி வந்தால் எவ்வளவு கற்றுக்கொள்ளலாம்! எந்தச் சீட்டை எந்த அறையில் போட்டபோது கதவு மூடியது என்று தெரிந்தால் அடுத்த ஆட்டத்தில் அதே இடத்தில் கை நிற்கும். வெறும் வெற்றி சதவீதத்தை வைத்துக்கொண்டு என்ன கற்க முடியும்?

இதைச் செய்வது பெரிய வேலையும் இல்லை. நூறு நகர்வு ஆடித் தோற்றிருக்கிறோம் என்று வையுங்கள், நூறு நிலைகளையும் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. ஒரு நிலையிலிருந்து வழியில்லை என்றால் அதிலிருந்து போய்ச் சேர்ந்த எந்த நிலையிலிருந்தும் வழியில்லை. பின்னால் எங்காவது வழி இருந்திருந்தால் முன்னாலும் இருந்திருக்கும் அல்லவா? ஆக, ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து "உண்டு, உண்டு" என்றே வந்து, ஏதோ ஓர் இடத்தில் "இல்லை" என்று மாறி, அதற்குப் பிறகு கடைசிவரை "இல்லை"தான். நடுவில் 50-வது நிலையைச் சோதித்தால் மாறிய இடம் அதற்கு முன்னாலா பின்னாலா என்று தெரிந்துவிடும், அந்தப் பாதியின் நடுவில் மறுபடி சோதிக்கலாம். ஏழு சோதனைக்குள் அந்த ஒரு நகர்வைப் பிடித்துவிடலாம். "இல்லை" என்று முடிகிற சோதனைகள்தான் நேரம் எடுக்கும், முழுசாகத் தேடி முடித்தால்தான் அவற்றுக்கு விடை. ஆனாலும் 52 சீட்டுக்கு இன்றைய போனே போதும். ஃப்ரீசெல் செயலி எழுதுகிற யாராவது இதைப் படித்தால், அடுத்த பதிப்பில் புதுப் பின்னணிப் படங்களுக்குப் பதிலாக இதைச் சேருங்கள்.